சைகோன் தெருவில் ஒரு ரொட்டி

(சிதம்பரத்தில் வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேசப்போவது ஒரு ரொட்டியைப் பற்றி. வியட்நாமில் அதன் பெயர் பான் மி. தில்லைக் கோபுரம் தெரிகிற ஊரில் மேடை போட்டுக்கொண்டு வியட்நாம் ரொட்டியைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். இருக்கிறது, ஐயா. நிறையவே இருக்கிறது. அந்த ரொட்டி விற்கிற தெருக்களில் பிரெஞ்சுக்காரர் நடந்தார்கள், சீனர் நடந்தார்கள், வியட்நாமியர் நடந்தார்கள். தமிழரும் நடந்தார்கள். அந்தத் தமிழரில் பலர் நமக்கு அந்நியர் இல்லை. வடக்கே புதுச்சேரி, தெற்கே காரைக்கால், நடுவே கடலூரும் சிதம்பரமும் என்று நீள்கிற இந்தக் கரையின் மக்கள்.

முதலில் ஒரு கேள்வி. நம் வீட்டுக்குள் ரொட்டி எப்போது வரும்? காய்ச்சல் வந்தால் வரும். பிள்ளைக்கு உடம்பு சுட்டால் அப்பா பேக்கரியில் ஒரு பாக்கெட் பிரட் வாங்கி வருவார். அம்மா அதைப் பாலில் தோய்த்து ஊட்டுவாள். ஆஸ்பத்திரியில் யாரையாவது பார்க்கப் போனால் கையில் ஒரு பாக்கெட் பிரட், கொஞ்சம் சாத்துக்குடி. நோய் தேறியதும் ரொட்டி வீட்டை விட்டுப் போய்விடும், இட்லி திரும்ப வந்துவிடும். பேருந்து நிலையத்து பிரட் ஆம்லெட்டும் டீக்கடை பன் பட்டர் ஜாமும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ரொட்டியை நம் சாப்பாடு என்று இந்தக் கரையில் யார் சொல்வார்கள்?

இந்த நினைப்போடுதான் நான் சைகோனில் இறங்கினேன். ஹோ சி மின் நகரம் என்பது இன்றைய அரசுப் பெயர். அந்த ஊர்க்காரர்கள் பேச்சில் இன்னும் சைகோன்தான். நம் புதுச்சேரிப் பெரியவர்கள் பேச்சிலும் சைகோன்தான். நானும் அப்படியே சொல்கிறேன்.

விடிந்து சற்று நேரம்தான் ஆகியிருந்தது. தெருமுனையில் கண்ணாடிப் பெட்டி பொருத்திய ஒரு தள்ளுவண்டி. கண்ணாடியில் சிவப்பு எழுத்து. வண்டிக்குப் பின்னால் ஓர் அம்மாள், தலையில் கூம்புத் தொப்பி. வண்டியைச் சுற்றி மோட்டார் சைக்கிள்கள். யாரும் வண்டியை விட்டு இறங்கவில்லை, இன்ஜினையும் அணைக்கவில்லை. வேலைக்குப் போகிறவர்கள், பள்ளிப் பிள்ளையைப் பின்னால் உட்கார வைத்திருக்கும் தாய்மார்கள், கட்டடத் தொழிலாளிகள்.

அந்த அம்மாளின் கையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரு சாண் நீள ரொட்டி. கரி அடுப்பின் அனலில் சூடேறி இருக்கிறது. கத்தியை ஓரத்தில் வைத்து நீளவாக்கில் கீறுகிறார். மேலோடு மொறுக்கென்று நொறுங்குகிறது. உள்ளே சதை குறைவு, காற்று அதிகம். ஒரு பக்கம் முட்டை மஞ்சள் கருவும் எண்ணெயும் அடித்த வெண்ணெய் போன்ற கலவை, மறுபக்கம் ஈரலை அரைத்துச் செய்த பசை. அதன்மேல் வாழையிலையில் சுற்றி வேகவைத்த பன்றி இறைச்சியின் மெல்லிய துண்டுகள். அதற்கும் மேலேதான் விஷயமே இருக்கிறது. காடியிலும் சர்க்கரையிலும் ஊறிய கேரட், வெள்ளை முள்ளங்கிச் சீவல். நீளமாக நறுக்கிய வெள்ளரிக்காய். காம்போடு கொத்தமல்லி. வட்டமாக அரிந்த மிளகாய். கடைசியில் சோயா சாறு சில சொட்டு. பழைய தாளில் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டு நீட்டுகிறார். நம் கணக்கில் நூறு ரூபாய்க்குள் அடங்குகிற விலை.

நான் கடித்தேன். முதலில் ரொட்டியின் மொறுமொறுப்பு. அடுத்து ஈரலின் கொழுப்பு. அது நாக்கில் படிவதற்குள் காடியின் புளிப்பு வந்து கழுவிவிடுகிறது. பிறகு மிளகாய். எல்லாம் அடங்கியபின் கொத்தமல்லி வாசம். காய்ச்சல்காரன் சாப்பாடு என்று நான் ஒதுக்கி வைத்திருந்த ஒரு பொருள், உழைக்கிறவன் காலைச் சாப்பாடாக என் கையில் இருந்தது.

இறைச்சி தொடாதவர்கள் அவையில் இருப்பீர்கள். உங்களுக்கும் அங்கே இடம் உண்டு. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் வியட்நாமிய பௌத்தர்கள் பலர் கவிச்சி சாப்பிட மாட்டார்கள். அந்த நாட்களில் டோஃபுவும் காளானும் வைத்த சைவ பான் மி தேடி வாங்குவார்கள். அமாவாசைக்கு வீட்டைக் கழுவி விரதம் இருக்கிற நம் ஊருக்கு இது புரியாத வழக்கமா?

சரி, இந்த ரொட்டி எப்படி வந்தது? 1859-இல் பிரெஞ்சுப் படை சைகோனைப் பிடித்தது. சிப்பாய்க்கும் அதிகாரிக்கும் பாதிரியாருக்கும் ரொட்டி வேண்டும். மாவு கப்பலில் வந்தது. கோதுமை விளையாத மண் அது. மேகாங் ஆற்றின் கழிமுகம் நம் கொள்ளிடக் கரையைப் போல நெல் விளைகிற பூமி. அங்கே மனிதன் அரிசியைச் சோறாகத் தின்றான், இடியாப்பம் போலப் பிழிந்து தின்றான், மெல்லிய தாளாக ஊற்றிக் காயவைத்துத் தின்றான். ரொட்டி துரைமார் மேசையில் இருந்தது. பல காலம் அப்படியே இருந்தது. வெள்ளைக்காரன் சாப்பிடுவது போலத் தட்டில் ரொட்டி தனி, இறைச்சி தனி, வெண்ணெய் தனி என்று பணக்கார வீடுகளில் உண்டார்கள்.

அது தெருவுக்கு வந்தது எப்போது? இங்கே 1954 என்ற ஆண்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு மே 7-ஆம் நாள் தியென் பியென் பூவில் பிரெஞ்சுப் படை வியட்நாமியரிடம் தோற்றது. ஜூலையில் ஜெனீவா ஒப்பந்தம். நாடு வடக்கு, தெற்கு என்று பிரிந்தது. 8 லட்சம் முதல் 10 லட்சம் பேர் வரை வடக்கை விட்டுத் தெற்கே வந்தார்கள். வீடு விட்டு, வயல் விட்டு, கோயில் விட்டு வந்தவர்கள். பிழைக்க வேண்டுமே! அப்படி வடக்கிலிருந்து வந்த ஒரு தம்பதி 1958-இல் சைகோனில் ஹோவா மா என்ற சிறு கடையைத் திறந்தார்கள். தட்டில் தனித்தனியாக வைத்துத் தின்ன நேரமில்லாத தொழிலாளிக்கும் மாணவனுக்கும், எல்லாவற்றையும் ரொட்டிக்குள் வைத்துக் கையில் கொடுத்தார்கள். 1960-இல் அந்தக் கடை காவ் தாங் தெருவுக்கு மாறியது. அங்கே இன்றும் காலை நேரத்தில் முக்காலி கிடைப்பது கஷ்டம்.

யோசித்துப் பாருங்கள். பிரெஞ்சுக்காரன் போனான். அவன் ரொட்டி போகவில்லை. தங்களை ஆண்டவர்கள்மேல் இருந்த கோபத்தை அந்த மக்கள் ரொட்டிமேல் காட்டவில்லை. அதைச் சுருக்கினார்கள், மேலோட்டை மெலிதாக்கினார்கள், தங்கள் ஊறுகாயை வைத்தார்கள், தங்கள் கீரையை வைத்தார்கள், ஏழை கொடுக்கக்கூடிய விலையை வைத்தார்கள். 1975-இல் தெற்கு வீழ்ந்த பிறகு அகதியாக ஓடியவர்கள் அதைக் கலிபோர்னியாவுக்கும் சிட்னிக்கும் பாரிசுக்கும் கொண்டுபோனார்கள். ரொட்டி கொடுத்த பாரிசுக்கே ரொட்டி விற்கிறார்கள்! 2011-இல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதி அந்தப் பெயரைத் தனக்குள் சேர்த்துக்கொண்டது.

இனி நம் கதைக்கு வருவோம். நாம் அங்கே எப்படி இருந்தோம்?

புதுச்சேரியும் காரைக்காலும் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தன. கடலூரையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி வந்து அங்கிருந்த ஆங்கிலேயரின் புனித டேவிட் கோட்டையைப் பிடித்தார். 1782-இல் மறுபடியும் பிரெஞ்சுக் கொடி கடலூரில் பறந்தது. ஆனால் கடலூர் கடைசியில் ஆங்கிலேயரிடம் நின்றுவிட்டது, புதுச்சேரி பிரெஞ்சுக்காரரிடம் நின்றுவிட்டது. பெண்ணையாற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு சட்டம், அந்தப் பக்கம் ஒரு சட்டம். பாகூர் வயலில் ஒருவன் நாற்று நடுவது பிரான்சில், அவன் மாமன் நடுவது இங்கிலாந்தில்.

பிரெஞ்சுக்காரர்கள் வியட்நாமைப் பிடித்தபோது அங்கே எழுதப் படிக்கத் தெரிந்த ஆள் வேண்டியிருந்தது. புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் தமிழர்கள் கப்பல் ஏறினார்கள். சுங்கத்தில், தபாலில், காவலில், வரி வசூலில், படையில் சேர்ந்தார்கள். 1881-இல் வந்த ஓர் ஆணை, தன் சாதி சமய வழக்குச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்கிறவனுக்குப் பிரெஞ்சுக் குடிமகன் உரிமை தந்தது. துறந்தவர்களில் பெரும்பாலோர் கிறித்தவர்கள், ஒடுக்கப்பட்ட சாதியினர். ஊரில் தெருவில் நடக்கவே இடம் கொடுக்காதவர்களுக்குச் சைகோன் ஒரு நாற்காலி கொடுத்தது. இதை நாம் மறக்கக் கூடாது.

அவர்களோடு துணி வியாபாரம் செய்த தமிழ் முஸ்லிம்கள் போனார்கள். நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் போனார்கள், நெல் விளைவித்தவர்களுக்கு வட்டிக்குக் கடன் கொடுத்தார்கள். 1930-களின் நெருக்கடியில் நிலங்கள் கைமாறியபோது அவர்கள்மேல் கசப்பும் வளர்ந்தது. உள்ளதைச் சொல்ல வேண்டும் அல்லவா? பால் கறந்து விற்ற தமிழர்களும் இருந்தார்கள்.

சைகோனில் இன்றும் அவர்கள் தடம் இருக்கிறது. பென் தான் சந்தைக்குப் பக்கத்தில் மாரியம்மன் கோயில். நான் போனபோது அங்கே கும்பிட்டவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியர். ஊதுவத்திக் கட்டை நெற்றிக்கு மேலே தூக்கி, பிறகு கருவறைச் சுவரில் நெற்றியைச் சாய்த்து, தங்கள் குறையைத் தங்கள் மொழியில் சொன்னார்கள். சமயபுரத்தாளுக்கு எல்லா மொழியும் புரியும் என்று நினைத்துக்கொண்டேன். நகரத்தார் கட்டிய தண்டாயுதபாணி கோயில் இருக்கிறது. தோங் யூ தெருவில் தென்னிந்திய முஸ்லிம்கள் 1935-இல் கட்டிய பள்ளிவாசல் இருக்கிறது. வெயிலில் நடந்து வந்து அதன் தாழ்வாரத்தில் உட்கார்ந்தால் நாகூரில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது.

கோயில் இருக்கிறது, பள்ளிவாசல் இருக்கிறது. சாப்பாட்டில் நாம் என்ன விட்டுவந்தோம்? அன்பர்களே, இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் உங்களை அழைத்து வந்தேன். சைகோனில் காரி என்று கேட்டுப் பாருங்கள். கோழியும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் தேங்காய்ப்பாலில் கொதித்த ஒரு குழம்பு வரும். எலுமிச்சைப்புல் வாசம் அவர்களுடையது. மஞ்சளும் மல்லியும் சேர்ந்த மசாலாப் பொடி நம்முடையது. இந்தியர்கள் கொண்டுவந்த குழம்பு என்று அவர்களே சொல்கிறார்கள். அதை எதில் தொட்டுச் சாப்பிடுகிறார்கள் தெரியுமா? சோற்றோடும் உண்டு. ஆனால் பெரும்பாலும் அதே ரொட்டியில்! ஒரு கிண்ணம் குழம்பு, ஒரு ரொட்டி. ரொட்டியைப் பிய்த்துக் குழம்பில் முக்கி, சொட்டுவதற்குள் வாயில் போடுகிறார்கள். பாரிசிலிருந்து வந்ததும் நம் கரையிலிருந்து போனதும் சைகோனில் ஒரே கிண்ணத்தில் சந்தித்துக்கொண்டன.

அங்கே சந்தித்தவை இங்கே ஏன் சந்திக்கவில்லை? இருநூறு ஆண்டுக்கு மேல் பிரெஞ்சுக்காரன் பக்கத்தில் இருந்தான். அவனுக்கும் முன்னால் போர்த்துகீசியர் பரங்கிப்பேட்டையில் இருந்தார்கள். ரொட்டியும் இருந்தது, குழம்பும் இருந்தது. பின் ஏன்?

நாம் அரிசி தின்னும் ஜனங்கள் என்று காரணம் சொல்வார்கள். ஏற்க முடியாது. வியட்நாமியரும் அரிசி தின்னும் ஜனங்கள்தான். தமிழனுக்கு ரொட்டி ஒத்து வராது என்பார்கள். அதையும் ஏற்க முடியாது. யாழ்ப்பாணத்துக்குப் போய்ப் பாருங்கள். போறணை என்ற விறகு அடுப்பில் சுட்ட பாண் என்ற ரொட்டியும் இடித்த சம்பலும் அங்கே அன்றாடச் சாப்பாடு. பாணும் பருப்பும் தின்று படித்து ஆளானவர்கள் எத்தனை பேர்! மும்பையில் போர்த்துகீசியர் விட்டுப்போன பாவுக்குள் உருளைக்கிழங்கு போண்டாவை வைத்து ஆலைத் தொழிலாளி வயிற்றை நிரப்பினான். இங்கே மட்டும் என்ன தடை?

என் முடிவைச் சொல்கிறேன், ஒப்பாதவர்கள் மறுக்கலாம். தடை நாக்கில் இல்லை, யார் கையால் வாங்குவது என்பதில் இருந்தது. முகம் தெரியாதவர் பிசைந்த மாவு, எவர் வீட்டு அடுப்பிலோ சுட்டது, தெருவில் நின்று எல்லோரோடும் தோளுரசித் தின்பது. நம் சாதிக் கணக்குக்கு இது எதுவுமே ஒத்து வராது. அதனால் ரொட்டி வெள்ளைக்காரன் தெருவிலும் மாதாகோயில் தெருவிலும் தங்கிவிட்டது. மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டும், மருந்தாக, நம் வீட்டுப் படியேறியது. சாதிச் சட்டத்தையே துறந்து சைகோனுக்குப் போனவர்களுக்கு அந்தக் கணக்கு இல்லை. அவர்கள் ரொட்டியைக் குழம்பில் தொட்டார்கள்.

மறுபடியும் 1954-க்கு வாருங்கள். தியென் பியென் பூ விழுந்த அதே ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் புதுச்சேரி இந்தியாவின் கைக்கு வந்தது. வடவியட்நாமியர் சைகோனுக்குள் மூட்டை முடிச்சோடு வந்த காலத்திலேயே, சைகோன் தமிழர்கள் மூட்டை முடிச்சோடு புதுச்சேரிக்குத் திரும்பத் தொடங்கினார்கள். 1975-இல் இன்னும் சிலர் வந்தார்கள். சிலர் வியட்நாமிய மனைவியோடு வந்தார்கள். அந்தப் பெண்கள் நம் கடற்கரையில் குடியேறி, தமிழ் பேசக் கற்று, பேரன் பேத்தி எடுத்தார்கள். இறாலும் கறியும் வைத்து அரிசித் தாளில் சுருட்டிப் பொரிக்கும் சா யோ இன்றும் புதுச்சேரியில் சில வீடுகளில் பண்டிகைப் பலகாரம். அந்த வீடுகள் இங்கிருந்து இரண்டு மணி நேரப் பயணம். நானோ அந்த ருசியைத் தேடி வியட்நாம் வரை போயிருக்கிறேன்.

ஊர் திரும்பியபின் என் வீட்டில் என்ன செய்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். புதுச்சேரியில் நீள ரொட்டி கிடைக்கிறது. வாங்கி வந்து தோசைக்கல்லில் சுடவைத்தோம். சிதம்பரம் கொத்சு உங்களுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. கத்தரிக்காயை மசித்து, புளி விட்டு, கொத்தமல்லி விதையும் மிளகாயும் வறுத்துப் பொடித்துப் போட்டது. அதை இட்லிக்குச் செய்வதைவிடக் கெட்டியாக வற்றவிட்டு ரொட்டிக்குள் தடவினோம். காடியில் ஊறிய முள்ளங்கி, வெள்ளரிப் பிஞ்சு, மல்லித்தழை, கீறிய பச்சைமிளகாய். இன்னொன்றில் கடலூர் துறைமுகத்தில் வாங்கிய நெத்திலியை வறுத்து வைத்தோம். கொத்சுவின் புளிப்பும் ரொட்டியின் மொறுமொறுப்பும் அப்படி ஒட்டிக்கொண்டன. என் மனைவி சொன்னாள், இதைக் காலையில் கல்லூரி வாசலில் விற்றால் பிள்ளைகள் பட்டினியாக வகுப்புக்குப் போகமாட்டார்கள் என்று. பல்கலைக்கழக விடுதிப் பிள்ளைகள் முன்வரிசையில் தலையாட்டுவது தெரிகிறது.

இந்த ஊரிலும் கடலூரிலும் பேக்கரி நடத்துகிற நண்பர்கள் சிலர் வந்திருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். இனிப்பு போடாத மாவில், ஒரு சாண் நீளத்தில், மேலோடு மெலிதாக, ஒரு கூடை ரொட்டி சுட்டுப் பாருங்கள். அடுப்பில் நீராவி இருந்தால் ஓடு மொறுமொறுப்பாக வரும். மீதி வேலையைத் தெருவோரக் கடைக்கார அம்மாக்கள் பார்த்துக்கொள்வார்கள். அவர்களிடம் கொத்சு இருக்கிறது, சால்னா இருக்கிறது, வறுத்த மீன் இருக்கிறது.

இன்னொரு வேண்டுகோள், இது எல்லோருக்கும். உங்கள் வீட்டில், உறவில், அடுத்த தெருவில், சைகோனிலிருந்து வந்த தாத்தாவோ பாட்டியோ இருந்தால், அவர்களிடம் போய் உட்காருங்கள். எந்தக் கப்பலில் வந்தார்கள், எந்தத் தெருவில் இருந்தார்கள், காலையில் என்ன தின்றார்கள், குழம்பை எதில் தொட்டார்கள் என்று கேளுங்கள். பாட்டி சொல்லச் சொல்ல எழுதுங்கள். செல்பேசியில் குரலைப் பதிந்து வையுங்கள். பிரெஞ்சு அலுவலகக் கோப்புகளில் அவர்கள் பதவியும் சம்பளமும் இருக்கும், அவர்கள் அடுப்பு இருக்காது. அந்தத் தலைமுறையில் மிச்சம் இருப்பவர்கள் மிகச் சிலர், எல்லோருக்கும் முதுமை வந்துவிட்டது. கூட்டம் முடிந்ததும் நான் இங்கேயே, மேடைக்கு இடப்பக்கம், நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பேன். அப்படி ஒரு வீடு தெரிந்தவர்கள் தயவுசெய்து வந்து சொல்லுங்கள்.